நாற்காலியில் விரித்த மப்ளர்

லண்டனின் பழைய ஓபரா அரங்கைச் சுற்றிப் பார்க்கப் போன குழுவில் நானும் ஒரு பெரியவரும்தான் தமிழர். அந்தப் பெரியவர் கழுத்து மப்ளரை நீவியபடியே வந்தார். ஆளில்லாத அரங்கில் முன்வரிசை நாற்காலி ஒன்றில் அதை விரித்தார், கோயில் கச்சேரிக்கு இடம் பிடிப்பதுபோல.

"இரவைக்கு மகள் இங்கை பாடுறா, தம்பி."

"ஐயா, இது கட்டடம் பாக்கிற டிக்கெட். பாட்டுக்கு வேறை எடுக்கவேணும்."

"அந்த டிக்கெட் முடிஞ்சுதாம். அதுதான் இதை எடுத்தனான். உள்ளை வந்தாச்சுதானே?"

"மகளிட்டைக் கேட்டிருக்கலாமே?"

"அவ என்னோடை கதைக்கிறேல்லை."

வெளியே வந்ததும், சுற்றிக் காட்டிய பெண் மூச்சிரைக்க ஓடிவந்து, "மறந்துவிட்டீர்கள்" என்று மப்ளரை நீட்டினாள். அவர் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்.

அவள்மேல் ஒரு பிழையும் இல்லை. ஆனாலும் எனக்கு இன்றுவரை அவள்மேல்தான் கோபம்.