எங்கள் வீட்டுக்கு வந்த சீட்டு

எங்கள் வீட்டில் ஒரு பிள்ளைக்குத்தான் ஃபீஸ் கட்ட முடியும் என்ற நிலைமை. அந்தப் பிள்ளை அண்ணன்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை, எனக்கும்தான். அப்பா வெள்ளானூரில் இருந்த நிலத்தை விற்றுவிட்டுக் குட்டி யானை வண்டியில் லோடு அடித்துக்கொண்டிருந்தார். அண்ணனை மெட்ரிக் பள்ளி வேன் வாசலுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகும். டை, ஷூ எல்லாம் உண்டு. யூகேஜியை இரண்டு தரம் படித்த புண்ணியத்தில், மூத்தவனாக இருந்தும் அவனும் நானும் ஒரே வகுப்பு. நான் அரசுப் பள்ளி. பஸ் பாஸ் இலவசம், மத்தியானம் முட்டை. குறை சொல்ல மாட்டேன்.

எட்டாவது முடிகிற சமயத்தில் மாதிரிப் பள்ளிக்குத் தேர்வு வைத்தார்கள். அரசே நடத்துகிற பள்ளி. அங்கேயே தங்கிப் படிக்கலாம். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மட்டும்தான் எழுத முடியும். எங்கள் பள்ளியில் எனக்கு மட்டும் இடம் கிடைத்தது. அப்பாவை வரச்சொன்னார்கள்.

வந்தவர் தலைமையாசிரியையிடம் மரியாதையாகத்தான் கேட்டார்.

“டீச்சர், இந்த சீட்ட என் பையன் பேருக்கு மாத்திக் குடுத்துருங்க. அவனும் இதே கிளாஸ்தான். பொண்ண ஹாஸ்டல்ல உட முடியாது.”

“அது எப்படிங்க? பரீட்சை எழுதினது இவ.”

“எங்க ஊட்டுக்கு வந்த சீட்டுதானே டீச்சர்?”

அப்பாவைச் சொல்லிக் குற்றமில்லை. பட்டாவையும் கேஸ் கனெக்‌ஷனையும் பேர் மாற்றியே பழகியவர். ஆனாலும் எனக்கு ஆத்திரம் வந்தது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தலைமையாசிரியைக்குப் பொறுமை போய்விட்டது.

“உங்க பையன் பிரைவேட்ல படிக்கிறான், அவனுக்கு இதுல இடமே இல்ல. இவ போகலைன்னா வேற ஸ்கூல் பொண்ணுக்குப் போயிடும். இன்னிக்கே சொல்லிடுங்க.”

அப்பா எழுந்து வந்து, என்னையும் ஏற்றிக்கொண்டு வண்டியை எடுத்தார். ஆவடி தாண்டினோம். பிறகு சாலையைப் பார்த்தபடியே கேட்டார்.

“நீ இன்னா, நல்லா படிப்பியா?”

“கிளாஸ்ல ஃபர்ஸ்ட்டுப்பா.”

“எப்பலேர்ந்து?”

“ஆறாவதுலேர்ந்து.”

என் ரேங்க் கார்டில் எப்போதும் அம்மாதான் கையெழுத்துப் போடுவாள். அண்ணனுடையதை மட்டும் அப்பா கேட்டு வாங்கிப் பார்ப்பார். அவருக்கும் அது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். வண்டியை ஓரங்கட்டினார். அப்புறம் வந்த வழியே திருப்பினார். பள்ளிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டார்.

அம்மா காலையிலேயே தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். வீடு திரும்பும்போது அப்பா தெருமுனையில் டீ குடிக்க இறங்கினார். கடைக்காரர் கேட்டார்: “இன்னாபா, உங்க ஊட்டுக்கு ஏதோ சீட்டு வந்துகீதாமே?”

“ஊட்டுக்கா? ஊட்டுக்கு ஒண்ணும் வர்ல,” என்றார் அப்பா. “என் பொண்ணு எழுதி வாங்கிகினு வந்தா.”

வண்டிக்குள் உட்கார்ந்திருந்த எனக்கு அழுகை வந்துவிட்டது.