சரோஜாவின் நிரை கமுந்திங் போன நாள்

ரப்பர்மரப் பலகை ஆலையைப் பார்க்கப் போவதாகச் சிலர் எழுதியிருந்தீர்கள். நான் போனது 1984 மார்ச்சில், ஒரு புதன்கிழமை. தாப்பா பக்கம் எங்கள் பழைய தோட்டத்தில் கிழட்டு மரங்களைச் சாய்க்கிறார்கள் என்று தெரிந்ததும் ஈப்போவில் வேலைக்கு லீவு போட்டேன். என் மனைவி சரோஜா பதினொரு வருடம் பால் வெட்டிய மர வரிசையும், அவள் நிரையும், அதில் இருந்தது. அவள் இறந்து இரண்டு வருடம். அவள் மரத்தில் ஒரே ஒரு பலகை வீட்டுக்கு வர வேண்டும். அதற்குத்தான் இந்தப் பயணம்.

ஈப்போவில் நான் குடியிருந்த சிலிபினிலிருந்து காலை 6:15க்குக் கிளம்பினேன். ஈப்போவிலிருந்து தாப்பாவுக்கு பஸ்ஸில் 2 வெள்ளி 40 காசு, ஒன்றரை மணி நேரம். பிறகு டாக்சி. பத்து மணிக்கு லாரி கிளம்பத் தயாராக நின்றது. கட்டைகளின் முனையில் சிவப்புச் சாயத்தில் ‘7’ என்று போட்டிருந்தது. தோட்டத்தின் ஏழாம் பிரிவான ஏழாம் காட்டில்தான் எங்கள் இருவர் நிரையும்; நானும் அங்கே பால் வெட்டியவன்.

"ஏறுங்கண்ணே, சீக்கிரம் போலாம். வெட்டுன மரம் நாலு நாள் கெடந்தா கறுத்துரும் லா" என்றார் டிரைவர் சந்திரன். முன்பெல்லாம் சாய்த்த இடத்திலேயே கொளுத்திவிடுவோம். இப்போது மருந்தில் ஊறவைத்து, உலர்த்தி, நாற்காலி செய்யக் கப்பலேற்றுகிறார்கள். மலைக்காட்டில் ஒரு மரம்கூட விழ வேண்டியதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

"மறுபடி பால்மரம்தானே நடுறாங்க?"

"எங்கண்ணே! எண்ணெய்க்குச் செம்பனைதான். பால் வெட்ட ஆள் ஏது? முப்பது வருஷம் கழிச்சி இந்த மில்லு எத அறுக்கும்னு என்னைக் கேக்காதீங்க."

வழியில் கோலகங்சாரில் தேநீர் குடித்துவிட்டு, கமுந்திங் ஆலைக்குப் போனபோது மணி 2:20. தாப்பாவிலிருந்து சுமார் 135 கிலோமீட்டர். ஏழாம் காட்டின் முதல் லோடு முந்தின நாளே அறுபட்டிருந்தது. தரம் பிரிக்கும் மேசையில், முன்பு எங்கள் தோட்டத்தில் இருந்த மேரி அக்கா பலகைகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். பால் வெட்டும் உளி ஆழமாக இறங்கிய மரத்தில் காயம் முடிச்சாகிவிடும். முடிச்சு இருந்தால் பலகை பாய்லருக்கு, இல்லாவிட்டால் கப்பலுக்கு. பாய்லர் குவியலைப் பார்த்ததுமே என் நிரை என்று தெரிந்துவிட்டது. தோட்டத்துக் கணக்கரான கிராணி என்னைத் தினமும் ஏசிய காயங்கள்! ஏழாம் காட்டில் அவ்வளவு மோசமாக வெட்டியவன் நான் ஒருவன்தான்.

"சரோஜா வெட்டுன மரம் எது, அக்கா?"

அக்கா கப்பலுக்குப் போகும் அடுக்குகளைக் காட்டினார். "இதுலதாண்ணே இருக்கும். சுத்தமா வெட்டுன மரமெல்லாம் ஒரே மாதிரி. எதுன்னு சொல்ல? ஒன்னு எடுத்துக்குங்க, நான் முதலாளிகிட்ட பேசிக்கிறேன்."

ஒவ்வொன்றாகத் தடவினேன். எதிலும் ஒரு முடிச்சுகூட விரலில் தட்டவில்லை. யாருடையதோ ஒன்றை எடுத்துப்போய் அவள் பெயரைச் சொல்ல மனம் வரவில்லை.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஆலைக்குப் போகாதீர்கள், மரம் நிற்கும்போதே தோட்டத்துக்குப் போங்கள். நிற்கும் வரைதான் எது யார் மரம் என்று தெரியும். பக்கத்து ஊர் தைப்பிங்கிலிருந்து ஈப்போவுக்கு மாலை 5:30 பஸ்ஸில் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தேன். பதினொரு வருடம் தொட்ட மரத்தில் தன் கை பட்ட அடையாளமே இல்லாமல் வேலை செய்திருக்கிறாள். ஒரு நாள், ஒரே ஒரு மரத்தில், கை தவறியிருக்கக் கூடாதா சரோஜா?