ஜெயராணி பண்ணையின் வெள்ளைப் பொடி

போன வாரம் ஒரு மறுவீட்டு விருந்துக்காகச் சங்கரன்கோவில் போயிருந்தேன். இரண்டு நாள் முன்னதாகவே போய், கல்லூரித் தோழி ஜெயராணி வீட்டில் இறங்கினேன்.

இளையரசனேந்தல் போகிற ரோட்டில் பிராய்லர் பண்ணை வைத்திருக்கிறாள் ஜெயராணி. கம்பெனிக்கு வளர்த்துக் கொடுப்பதில்லை. மக்காச்சோளம், கம்பு, சோயாப் புண்ணாக்கு எல்லாம் அவளே வாங்கி, அரைத்து, அவளே வளர்த்து, அவளே விற்கிறாள். விருந்து, பக்கத்து வீட்டு முப்பிடாதி அக்காவின் மகளுக்கு. கோழி முழுக்க ஜெயராணி பண்ணையிலிருந்துதான் என்று எப்போதோ பேசி முடித்திருந்தார்கள்.

நான் காபியில் வாய் வைக்கும்போதே அக்கா வந்தார். உட்காரவில்லை.

"ஏட்டி ஜெயா, கோவிச்சுக்கிடாத. ஒன் கோழி வேண்டாம்னு வீட்ல சொல்லுதாவ. தீவனத்துல ஏதோ வெள்ளைப் பொடி கலக்குதியாம... ஊத வைக்கிற மருந்துன்னு வாட்ஸ்அப்ல வந்திருக்கு. மாப்பிள்ளை வீட்டுக்காரவ சாப்பிடுத எடம் பாத்துக்கோ."

ஜெயராணியின் முகம் சுண்டிப்போனது. 'அப்படியெல்லாம் இல்லை' என்று மறுப்பாள் என்று பார்த்தால்...

"பொடி கலக்குதது நெசந்தான்க்கா," என்றாள்!

எனக்கே திக்கென்றது.

"அது என்சைம். கம்புல, சோளத்துல இருக்க சத்து முழுசையும் கோழி வயித்தால உடைக்க முடியாது. ஒரு பங்கு எச்சத்துல போயிரும். அதைச் செரிக்க வைக்க இந்தப் பொடி கூடமாட ஒத்தாசை. அவ்வளவுதான். ஹார்மோன் கிடையாது. தடுப்பு மருந்து குடுக்கோம், அதையும் நான் மறைக்கல."

"இதெல்லாம் எனக்கு வெளங்காது. ஒன் பிள்ளைக்கு இதைக் குடுப்பியா?"

"ஞாயித்துக்கிழமதோறும் என் வீட்ல என்ன கொழம்புன்னு ஒங்களுக்கே வாசம் வருமே! ஒரு எட்டு பண்ணைக்கு வாங்க. பாத்துட்டு வேண்டாம்னா, நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

மூன்று பேரும் ஆட்டோவில் போனோம். அக்கா இறங்கும்போதே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

ஷெட்டின் நடுவே வலை கட்டியிருந்தாள் ஜெயராணி. ஒரு பக்கம் பொடி கலந்த தீவனம். இன்னொரு பக்கம் கலக்காதது. தனக்கே நிச்சயம் தெரிய வேண்டும் என்று செய்த ஏற்பாடு. கலக்காத பக்கத்தில், சரியாகச் செரிக்காமல் விழுந்த எச்சத்தால், தரையில் பரப்பிய உமி சொதசொதவென்று இருந்தது. நெடி கண்ணைக் கரித்தது. அடுத்த பக்கம் போனோம். உமி பொலபொலவென்று உதிர்ந்தது. கோழிகள் கொஞ்சம் புஷ்டியாகவே திரிந்தன.

முந்தானை எப்போது மூக்கை விட்டு இறங்கியது? அக்காவுக்கே தெரியாது.

அன்று மத்தியானம் இரண்டு பக்கத்துக் கோழியையும் தனித்தனிச் சட்டியில் வைத்தாள் ஜெயராணி. எது எந்தச் சட்டி என்று சொல்லவில்லை. அக்கா இரண்டிலும் மாறி மாறித் தின்று பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணு போலத்தான இருக்கு!"

"ருசி மாறும்னு நான் சொல்லலியே... கறி தண்ணி விடுதது கொஞ்சம் கம்மி மாதிரி தெரியுது. அதையும் உறுதியாச் சொல்ல மாட்டேன்," என்று சிரித்தாள் ஜெயராணி.

எனக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்தது. விற்கிறவர் வாயிலிருந்து 'உறுதியாகச் சொல்ல மாட்டேன்' என்று எத்தனை முறை கேட்டிருக்கிறோம்?

அக்காவுக்கும் பிடித்திருக்க வேண்டும். கையைக் கழுவியபடியே சொன்னார்: "விருந்தன்னைக்குக் காலைல வெள்ளன கோழியை அனுப்பிருட்டி. வீட்ல நான் பேசிக்கிடுதேன்."

விருந்தன்று சம்பந்தி வீட்டார் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். பந்தி பந்தியாய்ச் சட்டி காலியானதைப் பார்த்து, ஜெயராணி வாசல் பக்கம் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முதலில் 'வேண்டாம்' என்ற அக்காவின் வீட்டுக்காரர்தான் மூன்று தடவை வறுவல் கேட்டார்! சாப்பிட்டு எழுந்தவர், வயிற்றைத் தடவிக்கொண்டே ஜெயராணியிடமே வந்து நின்றார்.

"தாயி, செரிக்கதுக்கு மாத்திரை ஏதும் வச்சிருக்கியா?"

அவள் எடுத்துக் கொடுத்த மாத்திரையிலும் இருந்தது என்சைம்தான். அதில் என்ன கலந்திருக்கிறது என்று அண்ணாச்சி கேட்கவே இல்லை!