இரண்டு பேரையும் தூக்கிக்கொண்டு

அத்தை வீட்டுக்காரர், எங்களுக்கு மாமா, கடலூரில் எது புதிதாக வந்தாலும் அதைத் தானே நின்று கட்டி முடித்ததுபோல்தான் பேசுவார். புதுப் பாலம், புது ஓட்டல், மின்சாரச் சுடுகாடு என்று எதுவாக இருந்தாலும் வீட்டுக்கு வந்த விருந்தாளிகளை அங்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும். எனக்கு ஆறு வயதானபோது அவருக்குக் கிடைத்தது ஓட்டக்காரர் மியூசியம்.

எங்கள் மாவட்டத்தில் பிறந்து, எங்கெங்கோ போய் ஓடி, கழுத்து கொள்ளாத மெடல்களோடு ஊர் திரும்பியவர் ஒருவர். செம்மண்டலத்தில் ஒரு பழைய கல்யாண மண்டபத்தை எடுத்து அவர் பேரில் மியூசியமாக மாற்றியிருந்தார்கள். கையைக் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு வருகிற இடம் இல்லை, எல்லாவற்றையும் தொடலாம், குதிக்கலாம், ஓடலாம் என்று மாமா போனிலேயே ஆசை காட்டினார். "ஒருவாட்டி வந்துட்டுப் போங்க மச்சான், மனசு லேசாயிடும்" என்று அப்பாவைக் கூப்பிட்டபடியே இருந்தார்.

அப்பாவின் மனசு எதனால் கனத்துக் கிடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். அலை வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் ஊர் பிச்சாவரத்துக்குப் பக்கத்தில், கடலை ஒட்டி இருந்தது. அன்று காலை அம்மா மார்கழி தரிசனம் பார்க்கச் சிதம்பரம் போயிருந்தாள். கரையில் வலையை உதறிக்கொண்டிருந்த அப்பாவோடு நானும் அண்ணனும் இருந்தோம். எனக்கு நாலு வயது, அண்ணனுக்கு ஏழு. தண்ணீர் எழும்பி வருவதைப் பார்த்ததும் அப்பா என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். அண்ணனை ஓடச் சொல்லிவிட்டு ஓடினார். அண்ணன் பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயத்தில் சோப்பு டப்பா வாங்கினவன். எங்கள் தெருவில் அவனை ஓடிப் பிடித்த பையன் கிடையாது. அதனால்தான் அவனை ஓடச் சொன்னார். மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது அவன் இல்லை.

எனக்கு இதில் எதுவுமே நினைவில்லை. எல்லாம் அப்பாவும் அம்மாவும் போட்ட சண்டையிலிருந்து தெரிந்துகொண்டதுதான். அரசாங்கம் கட்டிக் கொடுத்த புது வீட்டில் எங்களுக்கு இருந்தது ஒரே அறை. அவர்களுக்கு இருந்ததும் ஒரே சண்டை. குழம்பில் உப்பு கரிக்கிறது என்று தொடங்கினாலும் அங்கேதான் போய் முடியும்.

"ஓடுற புள்ளதானேன்னு உட்டுட்டு வந்தாச்சு. ரெண்டு பேரயும் தூக்கியிருக்கலாம்ல?" என்பாள் அம்மா.

"முடியாது. ரெண்டு பேர தூக்கிகிட்டு ஓடியிருந்தா ஒருத்தரும் வந்து சேந்திருக்க மாட்டோம்" என்பார் அப்பா.

அவள் முடியும் என்பாள், இவர் முடியாது என்பார். சில நாள் அழுகையில் நிற்கும், சில நாள் தட்டு பறக்கும். அப்பா கடலுக்குப் போவதை விட்டுவிட்டுச் சிதம்பரத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அந்த 'முடியாது' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவர் எழுந்தார், வேலைக்குப் போனார், சோறு தின்றார் என்பது எனக்கு இப்போது புரிகிறது. அப்போது எனக்கு வேண்டியதெல்லாம் சண்டை நிற்கவேண்டும், அவ்வளவுதான். சாமியிடமும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூட லீவில் ஒரு நாள் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு கடலூர் பஸ் ஏறினார். அம்மா வரவில்லை. அவள் அப்போதெல்லாம் எங்கேயும் வருவதில்லை.

மியூசியம் மாமா சொன்னதற்குக் கொஞ்சமும் குறையவில்லை, இதை ஒத்துக்கொண்டுதான் ஆகவேண்டும். ஓட்டக்காரரின் பாதத்தை சிமெண்டில் அச்செடுத்து வைத்திருந்தார்கள். அதில் என் இரண்டு காலையும் ஒன்றாக வைத்தும் இடம் மிச்சமிருந்தது. ஒரு பொத்தானை அமுக்கினால் அவர் நம் பள்ளிக்கூடத்து சார் மாதிரி அறிவுரை சொன்னார். மாமாவின் மகன் அதை அமுக்கிவிட்டு, அவர் பேசி முடிப்பதற்குள் மறுபடி அமுக்கி, அவரைத் திக்குவாயாக்கி விளையாடினான். அவனுக்கு ஏழு வயது.

மண்டபத்தின் நீளத்துக்கு ஓடுவதற்கென்று ஒரு பாதை போட்டிருந்தார்கள். பக்கத்துச் சுவரில் வரிசையாக பல்புகள். நாம் ஓடத் தொடங்கி, ஓரிரண்டு எட்டு வைத்த பிறகு பல்புகள் ஒவ்வொன்றாக எரிந்துகொண்டே பின்னாலிருந்து நம்மைத் துரத்தும். அதுதான் அந்த ஓட்டக்காரரின் வேகமாம். வெளிச்சம் வந்து தொடுவதற்கு முன்னால் கோடியில் தொங்கும் மணியை அடித்துவிட்டால் பச்சை விளக்கு எரியும், மெடல் தருவார்கள். ஓடும்போது ஒலிபெருக்கியில் மைதானத்துக் கூட்டத்தின் இரைச்சலையும் போட்டுவிடுவார்கள்.

அந்த இரைச்சலைக் கேட்டதும் அப்பா நின்றுவிட்டார். வேறு யாரோ ஒரு காலேஜ் பையன் அப்போது ஓடிக்கொண்டிருந்தான். அப்பா அவனைப் பார்க்கவில்லை, அவனுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த வெளிச்சத்தைப் பார்த்தார். அது அவனைப் பாதி வழியிலேயே பிடித்துவிட்டது. கூட இருந்த பையன்கள் சிரித்தார்கள்.

மாமா அப்பாவையும் ஓடச் சொன்னார். அப்பா மாட்டேன் என்பார் என்றுதான் நினைத்தேன். அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார், வேட்டியை மடித்துக் கட்டினார், ஓடினார். தோற்றுப்போனார். திரும்பி வந்து என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி ஓடினார். தோளில் பின்பக்கம் பார்த்தபடி கிடந்த எனக்கு வெளிச்சம் எங்களை நோக்கி வருவது நன்றாகத் தெரிந்தது. பயமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது. அதிலும் தோற்றோம். அப்பாவின் முகத்தில் வருத்தமே இல்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் முகம் தெளிந்திருந்ததாகத்தான் எனக்குத் தோன்றியது.

அப்புறம் அப்பா மாமாவின் மகனைக் கிட்டக் கூப்பிட்டு, அவன் தலைமேல் கையை வைத்து உயரத்தைப் பார்த்தார். "மச்சான், ரெண்டு பேரயும் தூக்கிகிட்டு ஒருவாட்டி ஓடிப் பாத்துடறேன்" என்றார்.

அங்கே வேலை பார்த்தவர், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கெல்லாம் அனுமதி இல்லை என்றார். எந்த இடத்திலும் தனக்கு ஆள் தெரியும் என்று காட்டிக்கொள்ளாவிட்டால் மாமாவுக்குத் தூக்கம் வராது. அந்த ஆளின் தோளில் கைபோட்டு ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்க் காதில் என்னவோ சொன்னார். அந்த ஆள் சிரித்துவிட்டு, சுவரோரம் இருந்த பெட்டியில் ஒரு திருகைப் பிடித்துத் திருகினார். அப்பா அப்போது எங்கள் இருவரையும் இடுப்பில் ஏற்றிச் சரிசெய்துகொண்டிருந்தார். நான் அந்தத் திருகைப் பார்த்தேன், ஏதோ ரேடியோ என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா ஓடினார். அவர் நெஞ்சு அடித்துக்கொள்வது என் விலாவில் தெரிந்தது. பல்புகள் பின்னால் எரிந்தபடி வந்தன, ஆனால் எங்களை எட்டவே இல்லை. மாமா மகன்தான் கையை நீட்டி மணியை அடித்தான். பச்சை விளக்கு எரிந்தது. கைதட்டும் சத்தம் போட்டார்கள். நிஜமாகவே நாலைந்து பேர் கையும் தட்டினார்கள்.

அப்பா எங்களைக் கீழே இறக்கிவிட்டார். அந்தப் பச்சை விளக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அங்கேயே, ஓடுகிற பாதையிலேயே குந்தி உட்கார்ந்து, முகத்தைத் துண்டில் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார். அவ்வளவு பெரிய ஆள் அப்படிக் குரலெடுத்து அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. தோற்றபோதெல்லாம் நன்றாக இருந்தவர் ஜெயித்துவிட்டு எதற்கு அழவேண்டும்?

"சந்தோஷத்துல அழுவறாரு" என்று மாமா சுற்றி நின்றவர்களிடம் விளக்கம் கொடுத்தார்.

திருகின் கதையை மாமா என்னிடம் சொன்னது நான் காலேஜில் படிக்கும்போது, அப்பாவின் காரியத்துக்கு வந்திருந்த அன்று. வேகத்தைப் பாதிக்கும் கீழே குறைத்துவைக்கச் சொன்னாராம், சின்னப் பிள்ளைகளுக்கு வைக்கிற வேகம். "பாவம், ஒரு சந்தோஷம் இருக்கட்டுமேன்னு தாம்மா" என்றார். அலை வந்தபோது அவர் துபாயில் இருந்தார். அண்ணன் போனது தெரியும், எங்கள் வீட்டுச் சண்டை தெரியாது. நல்லது செய்ததாகவே அவர் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார், நானும் அதைக் கெடுக்கவில்லை. அம்மாவிடம் மட்டும் சொன்னேன். "இப்ப சொல்லி என்ன" என்றாள்.

அன்று திரும்பி வரும்போது சிதம்பரம் வரைக்கும் அப்பா ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார். நான் பிளாஸ்டிக் மெடலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அம்மா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். பாதம், பொத்தான், பல்பு, மணி. அப்பா என்னையும் மாமா மகனையும் தூக்கிக்கொண்டு ஓடி ஜெயித்துவிட்டார் என்பதைக் கடைசியாகச் சொன்னேன்.

அம்மாவின் கை நின்றது. அவள் என்னைப் பார்க்கவில்லை. குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்து, "ரெண்டு பேரயுமா?" என்றாள்.

அப்பா சொம்பைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றார்.

அம்மா நம்பவில்லை என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. மெடலை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். "சாமி சத்தியமா ரெண்டு பேரயும்மா. வெளக்கு எங்க கிட்டயே வரல" என்றேன்.

அன்று இரவு சண்டை இல்லை. மறுநாளும் இல்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அந்தச் சண்டை வரவே இல்லை. அம்மா சோற்றை வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விடுவாள், அப்பா தின்றுவிட்டு வெளியே போய்விடுவார். நான் மெடலைச் சாமி படம் மாட்டியிருந்த ஆணியிலேயே மாட்டிவைத்து, பள்ளிக்கூடம் கிளம்பும்போது தினமும் அதையும் சேர்த்துக் கும்பிட்டேன். கேட்டது கிடைத்துவிட்டது அல்லவா.