செல்வியின் பின்னலை அவிழ்த்த படம்

போன வெள்ளி இரவு ராஜபாளையத்துக்கு ரயில் ஏறினேன், ஊர் சுற்ற அல்ல. நூற்பாலையில் இறந்துபோன செல்வி என்ற பெண்ணைப் பற்றி எங்கள் குழு ஒரு அனிமேஷன் குறும்படம் செய்கிறது. காட்சிகளை வரைந்து நிறம் தீர்மானிப்பது என் வேலை. செல்வியின் அக்கா பேச்சியம்மாளிடம் படங்களைக் காட்டிச் சம்மதம் வாங்க வேண்டும்.

சென்னையிலிருந்து ஸ்லீப்பரில் 380 ரூபாய். காலை ஆறு மணிக்கு இறங்கினேன். அங்கிருந்து ஷேர் ஆட்டோ, 3 கிலோமீட்டர், 20 ரூபாய்.

"அந்தப் பிள்ள செத்த வீடா? பேப்பர்லருந்து வாறியளா?" என்றார் டிரைவர். படம் எடுக்கிறோம் என்றேன்.

"அவியளுக்கு அது ஒண்ணுதான் கொறச்சல்."

அனிமேஷனில் நடிகர் இல்லை. அழுகையை நிறத்தில்தான் வைக்க வேண்டும். வீட்டுக்கு இளமஞ்சள், மில்லுக்குக் கருநீலம், விபத்துக்குச் சிவப்பு என்று வைத்திருந்தேன். பேச்சியம்மாள் அக்கா வீட்டு வாசலிலேயே டேப்லெட்டை வாங்கிப் பார்த்தார்.

"வீடு இம்புட்டு மஞ்சளா மினுங்குனா மில்லுக்கு எதுக்குத் தம்பி போறோம்?"

"மில்லு இருட்டா இருக்காதாக்கா?"

"இருட்டுல இழை அறுந்தா எப்பிடித் தெரியும்? ராத்திரிலயும் பகலு மாதிரி லைட்டு. எல்லாம் வெள்ளை. ரத்தத்தையும் கழிவுப் பஞ்ச வச்சுத் துடைச்சுட்டு, கொஞ்ச நேரத்துல மிஷினை ஓட்டிட்டாவ."

அடுத்த படத்தில் அவர் விரல் நின்றது. மிஷின் முன் செல்வி. அவிழ்ந்த கூந்தல் காற்றில் அலைகிறது. சோகம் என்றால் நாங்கள் யோசிக்காமல் வரைவது அது.

"முடிய விரிச்சுப் போட்டு வந்தா, அதான் மிஷின் இழுத்துச்சுன்னு மில்லுக்காரன் கேஸுல சொல்லுதான். பின்னி, மடிச்சுக் கட்டி அனுப்புனது நானு. மிஷினுக்குத்தான் மூடி இல்ல. இத வேற யாருக்கும் காட்டியிருக்கியளா?"

இரண்டு வாரத்துக்கு முன்பே என் சமூக வலைதளப் பக்கத்தில் போட்டிருந்தேன், 'உண்மைக் கதை' என்று ஊர்ப் பேரோடு. அங்கேயே அழித்தேன். அதற்குள் நாற்பது பேர் பகிர்ந்திருந்தார்கள். மில்லைத் திட்டக் கிளம்பிய நான் மில்லுக்குச் சாட்சி வரைந்து கொடுத்திருக்கிறேன்.

பத்து மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் அவருடைய வக்கீலிடம் போனோம். டவுன் பஸ், 12 கிலோமீட்டர். எனக்கு 12 ரூபாய், பெண்களுக்குக் கட்டணமில்லை. படம் என் கற்பனை, செல்வியை நான் பார்த்ததே இல்லை என்று வக்கீல் எழுதிக் கையெழுத்து வாங்கினார். "எதிர்த்தரப்பு கண்ணுல படாம இருக்கணும்" என்றார்.

வெளியே வந்து, வெட்கமில்லாமல், சம்மதம் கேட்டேன்.

"கேஸு முடியட்டும். தோத்தா, ஒங்க படத்தாலதான் தோத்தோம்னு ஊரெல்லாம் சொல்லுவேன் தம்பி."

இப்படி ஒரு பயணம் போகிறவர்களுக்கு: வரைவதற்கு முன்னால் போங்கள். பென்சில்கூட எடுக்காமல் போய்க் கேளுங்கள்.

விசாரணை வரும் வியாழக்கிழமை. கூந்தல் அலையும் அந்தப் படம் உங்கள் போனில் இருந்தால், தயவுசெய்து இப்போதே அழித்துவிடுங்கள்.