வாங்க ஆளில்லாத பிராங்க்

நாணயச் சந்தையில் விளையாடுகிறவர்களுக்கு போனில் பதில் சொல்வது என் பிழைப்பு. நாளெல்லாம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு 'புரிகிறது சார்' என்று சொல்லியே தொண்டை கட்டியவர் உங்களில் யாராவது இருந்தால், நாம் ஒரே சாதி.

கண்ணாடிப் பெட்டி

ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் சின்னத் தரகு நிறுவனம் எங்களுடையது. தமிழ் பேசுகிறவன் என்று தெரிந்ததும் என்னையே கேட்டு அழைப்பார்கள். கோயம்புத்தூர் என்ஜினியர் ஒருவர் வாராவாரம் ஒரே கேள்வி கேட்பார்: நாணய ஈ.டி.எஃப்.களில் ஆப்ஷன் நன்றாகக் கைமாறுவது எது? ஈ.டி.எஃப். என்பது ஒரு நாட்டு நாணயத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் நிதி. குறித்த நாளுக்குள் குறித்த விலைக்கு அதை வாங்கும் உரிமைதான் ஆப்ஷன்.

திரையைப் பார்த்துச் சொன்னேன். யென்னுக்கும் யூரோவுக்கும் ஓரளவு ஆள் நடமாட்டம் உண்டு. மற்றவற்றில் வாங்குகிறவர் சொல்லும் விலைக்கும் விற்கிறவர் கேட்கும் விலைக்கும் நடுவே ஒரு லாரி போகும். அவர் பெருமூச்சு விட்டார். "அப்ப மீதி எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்ச பலகாரமா சார்? பாக்கலாம், சாப்பிட முடியாதா?"

பதிவாகிறது

ஜெர்மனியின் இன்னொரு ஊரான ஹம்மிலிருந்து சிவநாதன் என்ற இலங்கைத் தமிழர் அழைத்தார். முதியோர் இல்லத்தில் வேலை. அவருடைய தங்கை சுவிஸில் நோயாகக் கிடந்தார். காப்புறுதி ஏற்காத சிகிச்சை, காசு அந்நாட்டுப் பிராங்கில் கட்ட வேண்டும். இவருடைய சேமிப்பு முதிர நான்கு மாதம் இருந்தது. அதற்குள் பிராங்க் ஏறிவிட்டால்? அதனால் பிராங்க் நிதியில் ஆப்ஷன் வாங்கி வைக்கலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அன்று அந்த ஆப்ஷனில் ஒரு வியாபாரம்கூட நடக்கவில்லை. ஆலோசனை சொல்ல எங்களுக்கு அனுமதி கிடையாது. "அண்ணா, ரெண்டு விலையையும் கொஞ்சம் பாருங்க" என்றேன். "ஓம், பாத்தனான். வாங்கலாந்தானே?" என்றார். வாங்கலாம். விற்கும்போது ஆள் கிடைக்காது என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினேன். பக்கத்து மேசை கார்லா ஜாடையால் திரையைக் காட்டி, பிறகு ஜெர்மனில் மெதுவாகச் சொன்னாள்: "நீ நல்லவன் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் இந்த அழைப்பு பதிவாகிறது."

நல்ல செய்தி

அவர் வாங்கினார், பிராங்க் ஏறியது. அவர் நினைத்ததுதான் நடந்தது. மூன்றாம் மாதம் மருத்துவமனை முன்பணம் கேட்க, வேலை இடைவேளையில் அழைத்து விற்கச் சொன்னார். கணக்குப்படி அந்த ஆப்ஷன் அவர் கொடுத்ததைப்போல இரண்டு மடங்கு பெறும். வாங்குகிறவர் பக்கத்தில் இருந்த விலையோ அவர் கொடுத்ததில் பாதி. உரிமையைப் பயன்படுத்தி நிதியையே வாங்கி விற்கலாம் என்றால், அதற்கு அவர் கணக்கில் காசு போதாது.

அந்தப் பாதி முன்பணத்துக்குப் போதாது என்பதால், இரண்டுக்கும் நடுவே ஒரு விலை போட்டுக் காத்திருந்தோம். அமெரிக்கச் சந்தை திறக்கும் மூன்றரை மணிக்கு, கிழவர்களுக்குத் தேநீர் கொடுத்துவிட்டு, தினமும் அழைப்பார். ஒன்பது நாள் விலையை இறக்கினோம். யாரும் வரவில்லை. பத்தாம் நாள் அவர் கேட்டார்:

"வாங்க ஆளில்லையெண்டால், தம்பி, ஏன் விலை போட்டு வைச்சிருக்கிறியள்?"

ரத்து

அதற்குப் பிறகு மூன்று நாள் அழைப்பு இல்லை. நான் மட்டும் மூன்றரைக்கு அந்தத் திரையைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் காலையிலேயே அழைத்தார். குரல் தணிந்திருந்தது.

"தம்பி, அந்த ஓடரை எடுத்துவிடுங்கோ. தங்கச்சி முந்தநாள் போயிட்டா. இனிப் பிராங்க் தேவைப்படாது."

ஆர்டரை ரத்து செய்ய ஒரு சொடுக்கு போதும். அதற்கு மறுபக்கம் யாரும் இருக்க வேண்டியதில்லை. அன்றைக்கே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும் அண்ணா என்று உளறினேன். பதிவாகட்டும். அழைப்பை முடிக்குமுன் வேறு உதவி வேண்டுமா என்று கேட்பது எங்கள் விதி. கேட்டேன்.

"இல்லைத் தம்பி. நீங்கள் சாப்பிட்டிட்டியளோ?"

ஒன்றை வாங்குமுன் அதை நம்மிடமிருந்து திரும்ப வாங்க ஆள் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும் என்பது ஒன்றுதான் இந்த வேலையில் நான் கற்றது. அதை யாரிடமும் சொல்லாமல் இருப்பதற்குத்தான் மாதாமாதம் சம்பளம்.