பொம்மைக்கு இடுப்பு குறைக்கிற மாப்பிள்ளை

என்ன வேலை பாக்குறீங்கன்னு கேட்டா ஒரே வார்த்தையில பதில் சொல்ல முடியாத வேலை எதுலயும் கல்யாணத்துக்கு முன்னாடி சேந்துறாதீங்க. ஏற்கெனவே சேந்துட்டீங்கன்னா நீங்களும் என் கூட்டாளிதான், வாங்க, இப்படி ஒக்காருங்க. என் தொழிலு வீடியோ கேம் பொம்மையைத் திருத்துறது. ராஜா, ராணி, மந்திரவாதி, ரெண்டு தலை பூதம் எல்லாம் வர்ற கேம். கணக்கு நோட்டுல கட்டத்துக்குக் கட்டம் கலர் அடிச்ச மாதிரி, சின்னச் சின்னப் புள்ளியா இருக்கும் அந்தப் பொம்மைங்க. யாரோ போட்டு அனுப்புவாங்க. மூக்கு சரியில்லை, நடை சரியில்லைன்னு பெங்களூர்ல இருக்கிற கம்பெனி சொல்லும். நான் திருமயத்துல வீட்டுல ஒக்காந்து புள்ளி புள்ளியாத் திருத்தி அனுப்புவேன்.

இந்த வேலையைச் சொல்லியே ரெண்டு சம்பந்தம் தட்டிப் போச்சு. மூணாவதா வந்தது குளத்தூர் தமிழ்ச்செல்வி. ரத்தம் டெஸ்ட் பண்ற லேப்ல வேலை. போட்டோவுல சிரிக்கவே இல்லை, எடுக்கிறவனையே சந்தேகமாப் பாத்துக்கிட்டு நின்னாங்க. எனக்கு அந்தப் பார்வை அப்படிப் பிடிச்சுப் போச்சு. இது மட்டும் கை நழுவிப் போயிரக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

தரகருக்குப் பாடம்

தரகர் சேதுராமன் வீட்டுக்கே வந்துட்டாரு. பொண்ணு வீட்டுல என்ன வேலைன்னு கேட்டா அவரு வாயில ஒரு பதில் இருக்கணுமாம். லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். "ஆன்லைன் ரம்மியா தம்பி?"ன்னாரு. இல்லைங்கன்னேன். "அப்ப இந்த லோன் குடுக்கிற ஆப்பு?" ஐயையோ, அதெல்லாம் இல்லைங்க, பூதத்துக்குப் பல்லு வைக்கிறேன்னு சொல்லி, வச்சும் காட்டினேன்.

மனுஷன் பூதத்தைப் பாக்கலை, என்னைத்தான் மேலயும் கீழயும் பாத்தாரு. துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு எந்திரிச்சாரு. "தம்பி, வேலையே இல்லைன்னு சொன்னாக்கூட ஏதாவது சொல்லி முடிச்சுருவேன், இதை எங்க போயிச் சொல்றது?"

டீக்கடை சர்டிபிகேட்

பொண்ணு குடுக்கிறவங்க மாப்பிள்ளை ஊரு டீக்கடையில விசாரிக்காம இருக்க மாட்டாங்கன்னு எனக்கு நல்லாத் தெரியும். அதனால தெருவுல புது மூஞ்சி யாரைப் பாத்தாலும் சட்டையை இழுத்து விட்டுக்கிட்டு ஒரு வணக்கம் போட்டு வச்சேன். பஸ்ஸுக்கு நின்னவரு, குடம் விக்க வந்தவரு, யாரையும் விடலை. எல்லாரும் என்னை ஒரு மாதிரியாப் பாத்துட்டுப் போனாங்க.

ஆனா பொண்ணு வீட்டுல இருந்து நெசமாவே விசாரிக்க வந்த ஆளு எப்ப வந்தாரு, எப்ப போனாருன்னே தெரியலை. டீக்கடை கணேசண்ணன்தான் பெருமையாக் கூப்புட்டுச் சொன்னாரு. என்னண்ணே சொன்னீங்கன்னு கேட்டேன். "ஒரு குறையும் சொல்லலைப்பா, பகல்ல வெளியவே வரமாட்டான், கதவைச் சாத்திக்கிட்டு தனியாப் பேசிக்கிட்டு இருப்பான், மத்தபடி தங்கமான புள்ளைன்னு சொல்லி அனுப்பிருக்கேன்."

கத்தி மாறுன தளபதி

இங்கிட்டு இப்படின்னா, அங்கிட்டு கம்பெனியில வேற கூத்து. எங்க தொழில்ல ஒரு குறுக்கு வழி உண்டு. பொம்மை வலது பக்கமா நடக்கிற மாதிரி போட்டுட்டு, அதையே கண்ணாடியில பாக்குற மாதிரி திருப்பிட்டா இடது பக்கம் நடக்கும், பாதி வேலை மிச்சம். ஆனா திருப்பும்போது வலது கையில இருக்கிற கத்தி இடது கைக்குப் போயிரும், அதைத் திருத்தணும். கல்யாணக் கவலையில நான் திருத்தலை. எங்க கேம்ல வர்ற தளபதி வலது பக்கம் போகும்போது வலது கையால வெட்டுனாரு, திரும்பி வரும்போது இடது கையால வெட்டுனாரு.

டீம் லீடு நவீன் போன் போட்டாரு. இதை நீங்க போட்டீங்களா, ஏஐயை விட்டுப் போட்டீங்களான்னு கேட்டாரு. சத்தியம் பண்ணாத கொறைதான். கேக்கலையே! இனிமே வேலை பாக்கும்போது ஸ்க்ரீன் ஷேர் போட்டு வைங்க, நான் பாத்துக்கிட்டே இருப்பேன்னுட்டாரு. நான் போடுறதைப் பாத்து மெசினுக்குச் சொல்லிக் குடுக்கப் போறாரோன்னு எனக்கு அவரு மேல சந்தேகம். போனை வைக்கிறதுக்கு முன்னாடி அவரு ஒன்னு சொன்னாரு. "தப்பு வரும், வேணாங்கலை, ஆனா மனுஷன் பண்ற தப்பாப் பண்ணுங்க."

காபி குடிச்ச ஆளு

ஒரு நாளு காலையில வெள்ளைச் சட்டை போட்ட பெரியவரு ஒருத்தரு கேட்டைத் திறந்துக்கிட்டு வந்தாரு. வீட்டைச் சுத்திச் சுத்திப் பாத்தாரு. சுவத்தைப் பாத்தாரு. ஆகா, பொண்ணு வீட்டு ஆளுதான்னு முடிவு பண்ணிட்டேன். உள்ள கூட்டிட்டு வந்து, ஃபேனைப் போட்டு, அம்மாவை விட்டுக் காபி, முறுக்கு குடுத்து, எனக்குக் குடி, சீட்டு ஒன்னும் கிடையாதுங்கன்னு நானாவே சொல்லி முடிச்சேன்.

அவரு நிதானமாக் குடிச்சு முடிச்சாரு. டம்ளரைக் கீழ வச்சாரு. "ரொம்ப சந்தோசம் தம்பி, கரண்டு ரீடிங் எடுக்கணும், மீட்டர் எங்கிட்டு இருக்கு?"

சன்னல்ல நின்ன சித்தப்பா

மறுநாளும் ஒருத்தரு வந்தாரு. நேத்துப் பட்டது போதாதா? அதுவும் நவீன் ஸ்பீக்கர்ல இருந்தாரு. இளவரசி பொம்மை ஒன்னு, பாத்தா நம்ம ஊருப் பொண்ணு மாதிரி லட்சணமா இருந்துச்சு. "இடுப்பை இன்னும் ரெண்டு புள்ளி குறைங்க, நெறத்தை ஏத்துங்க, மூக்கைச் சின்னதாக்குங்க"ன்னு அவரு சொல்லச் சொல்ல நான் "சரிங்க, சரிங்க"ன்னு குறைச்சுக்கிட்டு இருந்தேன். சன்னல் வழியா எட்டிப் பாத்தவரை, இவரும் மீட்டரு ஆளுதான்னு நெனச்சு, மீட்டரு வாசல்ல இருக்கு, போயிப் பாத்துக்கங்கன்னு வெரட்டி விட்டுட்டேன்.

அவருதான் தமிழ்ச்செல்வியோட சித்தப்பா. சாயங்காலம் தரகர் போன்ல சொல்லித்தான் எனக்கே தெரிஞ்சுச்சு. சித்தப்பா ஊருக்குப் போயி ஒரு பொய்யும் சொல்லலை. "வேலைங்குறது நெசந்தான், ஆனா நல்லா இருந்த ஒரு பொண்ணைப் பிடிச்சு வச்சு அறுத்து, வெளுத்து, மூக்கைச் செதுக்கிக்கிட்டு இருக்கான்."

ஒரே ஒரு கேள்வி

முடிஞ்சுச்சுன்னு நெனச்சேன். ஆனா பொண்ணு நேர்ல ஒரு கேள்வி கேக்கணுமாம், குடுமியான்மலைக் கோயிலுக்கு வரச் சொன்னாங்க. நானும் அம்மாவும் போனோம். அம்மாவும் அவங்க அம்மாவும் ஒரு பக்கம் ஒக்காந்தாங்க. நாங்க ரெண்டு பேரும் தூணோரமா நின்னோம். போட்டோவுல பாத்த அதே பார்வை.

"இருக்கிற ஆளைத் திருத்துறதுதான் ஒங்க வேலைன்னா, கட்டிக்கிட்டு வந்தப்பறம் என்னையும் திருத்துவீங்களா?"ன்னாங்க. நானா எதையும் திருத்துறதில்லைங்க, மேல இருந்து சொல்லுவாங்க, நான் செய்வேன்னேன்.

"வீட்டுல மேல இருந்து சொல்றது யாரு, ஒங்க அம்மாவா?"

பொய் சொல்லிருக்கலாம். அந்தக் கண்ணைப் பாத்துச் சொல்ல வரலை. வர்ற வழியில பஸ்லயே அம்மா சொல்லிட்டாங்க, கல்யாணம் ஆனதும் அந்தப் புள்ளையை லேப் வேலையை விடச் சொல்லணும், முடியை நீளமா வளக்கச் சொல்லணும்னு. அதை அப்படியே ஒப்பிச்சேன். நீங்க என்ன சொன்னீங்கன்னு கேட்டாங்க. "சரிம்மா"ன்னேன்னு சொன்னேன். சொல்லும்போதே வெக்கமா இருந்துச்சு.

அவங்க கோவப்படலை. துப்பட்டாவைச் சரி பண்ணிக்கிட்டு, தூண்ல சாஞ்சுக்கிட்டாங்க. "இப்பவே போயி முடியாதுன்னு சொல்லிட்டு வாங்க, நான் இங்கனயேதான் நிக்கிறேன்."

எந்தத் திருத்தத்துக்கும் "சரிங்க"ன்னே பழகுன இந்த வாயி, அன்னைக்கு அம்மாகிட்ட நடந்து போயி "முடியாதும்மா"ன்னு ஒரு தடவை சொன்ன புண்ணியத்துல, இப்ப வீட்டுல அம்மா, பொண்டாட்டி ரெண்டு பேர்கிட்டயும் "சரிங்க" சொல்லிக்கிட்டு இருக்கு.